மவுஸ் தொடாமல் என்.எச்.எஸ். இணையத்தளம்: ஒரு மதிப்பீடு

முதலிலேயே புள்ளியைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் இணையத்தளத்துக்கு ஐந்துக்கு நான்கரை. அந்தத் தளத்திலிருந்து வெளியே போகும் இணைப்பை அழுத்தி, உங்கள் சேர்ஜரியின் (குடும்ப வைத்தியர் நிலையத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சொந்தத் தளத்துக்குள் போன பிறகு கிடைப்பதற்கு என்னால் புள்ளி போட முடியாது. அது நீங்கள் எந்த வைத்தியரிடம் பதிந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் வருத்தக்காரருக்கு இரண்டும் ஒரே என்.எச்.எஸ்.தான். (ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்கு வேறு தளங்கள் உண்டு. அவற்றை நான் பாவிப்பதில்லை.)

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் பரம்பரை வருத்தம். முதலில் இரவில் தடுமாற்றம், பிறகு பக்கவாட்டுப் பார்வை, அப்புறம் எழுத்து. இப்போது யன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். கணினியில், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானைப் பாவிக்கிறேன். அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்பவரும் சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. இருவருக்குமே கண் தெரியாது. விலை கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான்கள் சாமானியர் தொட முடியாத விலையில் இருந்த காலத்தில் இதை இலவசமாகத் தந்தார்கள், இன்றும் இலவசம்தான். கைத்தொலைபேசியில் வொய்ஸ்ஓவர், ஐபோனுக்குள்ளேயே இருக்கும் திரைவாசிப்பான்.

அம்மாவும் என்னோடு லண்டன் ஹரோவில்தான் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். சீனி வருத்தம், கை நடுக்கம், ஆங்கிலம் வாசிக்க வராது. ஆக நான் இந்தத் தளத்துக்குப் போவது பெரும்பாலும் அவருக்காக. கண் தெரியாத ஒருவர், இன்னொருவரின் குளிசையைப் பற்றி வாசித்து, தமிழில் சொல்லவேண்டும். இப்படி ஒரு பாவனையாளர் வருவார் என்று யாரும் யோசித்து ஒரு தளம் கட்டமாட்டார்கள். ஆனாலும் இந்தத் தளம் எனக்கு வேலை செய்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

கண் தெரிந்தவர்கள் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து வேண்டிய இடத்தில் நிற்பார்கள். எங்களுக்கு அந்த மேலோட்டம் தலைப்புகளால் கிடைக்கிறது. என்.வி.டி.ஏ.யில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், இரண்டை அழுத்தினால் இரண்டாம் நிலைத் தலைப்பு, கே என்றால் அடுத்த இணைப்பு, எஃப் என்றால் நிரப்பவேண்டிய பெட்டி. இது நடக்க, பக்கத்தைக் கட்டியவர் தலைப்பை உண்மையிலேயே தலைப்பு என்று குறித்திருக்கவேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு மாதிரித்தான் இருக்கும், என் காதுக்கு அது இன்னொரு வரி.

என்.எச்.எஸ். தளத்தில் மெற்போமின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா போடும் குளிசை. யார் போடலாம் யார் போடக்கூடாது, எப்படி எப்போது போடுவது, பக்க விளைவுகள், வேறு மருந்துகளோடு சேர்த்தால் என்ன என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். மற்ற மருந்துகளுக்கும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். ஒரு மருந்தில் வழி பழகிவிட்டால் அடுத்த மருந்தில் தேடவேண்டியதில்லை. ஒருநாள் அம்மா காலைக் குளிசையை மறந்துபோய், இரவு இரண்டாகப் போடட்டுமா என்று கேட்டார். எச்சைத் தட்டித் தட்டி "மறந்துவிட்டால்" என்ற தலைப்பில் நின்றேன். அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் போடவும், தவறியதை ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடவேண்டாம் என்று கிடந்தது. அம்மா கேள்வியை முடித்து, தங்கச்சி மகளின் கலியாணக் கதைக்குப் போவதற்குள் பதில் சொல்லிவிட்டேன்.

இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய எச்சரிக்கைப் பெட்டிகள். ஒரு வருத்தத்தைப் பற்றிய பக்கத்தில், எப்போது யாரிடம் போகவேண்டும் என்பதை நிறம் பிரித்துக் காட்டுகிறார்கள். நீலம் என்றால் ஆறுதலாக வைத்தியரைப் பார்க்கலாம். சிவப்பு என்றால் இன்றே 111க்கு (என்.எச்.எஸ். ஆலோசனைத் தொலைபேசி) அழையுங்கள் அல்லது அவசர அப்பொயின்ட்மென்ட் கேளுங்கள். சிவப்போடு கறுப்பும் சேர்ந்தால் உடனே 999, அதாவது அவசர அம்புலன்ஸ். சரி, நிறம் எனக்கு எதற்கு? அந்தப் பெட்டியின் தலைப்புக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சொற்றொடரை ஒளித்து வைத்திருக்கிறார்கள். திரைவாசிப்பான் அதை வாசிக்கும்: "அவசரமில்லாத ஆலோசனை", "அவசர ஆலோசனை", "உடனடி நடவடிக்கை தேவை". நிறம் சொல்வதை அப்படியே காதுக்கும் சொல்கிறார்கள். நெஞ்சு நோவு பற்றிய பக்கத்தை நடுச்சாமத்தில் திறந்து கேட்பவருக்கு இந்த ஒரு சொற்றொடரின் பெறுமதி தெரியும். நிறக்குருடு உள்ளவருக்கும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் தலைப்பிலேயே என்ன செய்யவேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது.

படிவங்களையும் சொல்லவேண்டும். பிறந்த திகதியைக் கேட்கும் இடத்தில் நாட்காட்டி விரிவதில்லை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று வெறும் பெட்டிகள், பக்கத்தில் ஓர் உதாரணம். எண்ணைத் தட்டிவிட்டுப் போகலாம். 1970களில் பிறந்த ஒருவரை, நாட்காட்டியில் மாதம் மாதமாகப் பின்னுக்குப் போக வைப்பது எந்தக் கண்ணுள்ளவருக்கும்கூட நியாயமில்லை. ஏதாவது பிழையாக நிரப்பிவிட்டால், பக்கத்தின் மேலே "ஒரு பிரச்சினை இருக்கிறது" என்று ஒரு பெட்டி வரும், திரைவாசிப்பானின் கவனம் தானாகவே அங்கே போகும், எந்தப் பெட்டியில் பிழை என்பது இணைப்பாக இருக்கும், அழுத்தினால் நேரே அந்தப் பெட்டியில் கொண்டுபோய் விடும். பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, ஏன் முன்னேற முடியவில்லை என்று என்னைத் தேடவிடும் தளங்களோடு வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய மரியாதை.

கண் தெரியாதவர்களை மட்டும் வைத்து எழுதினால் அநியாயம். எங்கள் வீதியில் ஒரு அண்ணர் இருக்கிறார். பக்கவாதம் வந்தபின் மவுஸ் பிடிக்க முடியாது, ஒரு கையால் டாப் (Tab) விசையைத் தட்டித் தட்டித்தான் போவார். பக்கத்தில் தான் எங்கே நிற்கிறார் என்று அவருக்குத் தெரியவேண்டும். இந்தத் தளத்தில் விசை நிற்கும் இணைப்பு பளிச்சென்ற மஞ்சளாக மாறி, அடியில் தடித்த கறுப்புக் கோடு விழுமாம். "எறும்பு ஊருற மாதிரி ஒரு புள்ளிக்கோடு போடாமல், ஆள் நிக்கிற இடத்தைக் காட்டுறாங்கள்" என்பது அவருடைய வர்ணனை. முதல் டாப்பிலேயே "முதன்மை உள்ளடக்கத்துக்குத் தாவுக" என்ற இணைப்பு வரும், மேலே உள்ள பட்டியல் முழுவதையும் கடக்கவேண்டியதில்லை. காது கேளாதவர்கள் 111க்குக் கதைக்க 18001 என்பதை முன்னால் சேர்த்து அழுத்தலாம், அல்லது பிரித்தானியச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர் வழியாகக் காணொளியில் கதைக்கலாம். அம்மாவின் நடுங்கும் விரலுக்கு, பொத்தான்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பெரிதாக இருப்பதே போதும்.

எழுத்து நடையும் இதில் அடக்கம். ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் அளவில் எழுதுவது தங்கள் இலக்கு என்று அவர்களுடைய எழுத்து வழிகாட்டி சொல்கிறது. படித்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். நோவிலும் பயத்திலும் இருக்கும் பேராசிரியரும் அந்த நேரத்தில் பதினொரு வயதுதான். எனக்கு இதில் இன்னொரு லாபம், குறுகிய வசனத்தைத் தமிழில் சொல்வது சுகம். பக்கத்தின் அடியில் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது சரிபார்ப்பார்கள் என்ற திகதிகளும் உண்டு. அதற்காகவே கடைசி வரைக்கும் கேட்பேன்.

இந்தத் தளத்தில் இல்லாத ஒன்றையும் பாராட்டவேண்டும். பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலி படத்தோடு மிதக்கும் பொத்தான் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கு, நிறத்தை மாற்று, வாசித்துக் காட்டு என்று ஒரு பெட்டி திறக்கும். ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். என்னிடம் ஏற்கெனவே திரைவாசிப்பான் இருக்கிறது, அது இல்லாமல் நான் அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்டுபிடித்து அழுத்தினால் இரண்டு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கதைக்கும். அடியில் பெயரில்லாத பொத்தான் பெயரில்லாத பொத்தானாகவே இருக்கும். இப்படியான மென்பொருள் விற்ற ஒரு நிறுவனம், தன் பொருள் எந்தத் தளத்தையும் தர விதிகளுக்கு ஏற்றதாக்கிவிடும் என்று சொன்னதற்காக 2025இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் பத்து லட்சம் டொலர் கட்டவேண்டி வந்தது.

என்.எச்.எஸ். வேறு வழியில் போயிருக்கிறது. பொத்தான், திகதிப் பெட்டி, பிழைப்பெட்டி, நான் மேலே சொன்ன எச்சரிக்கைப் பெட்டி எல்லாவற்றையும் ஒருமுறை சரியாகச் செய்து, ஊனமுள்ளவர்களோடு சோதித்து, ஒரு பொதுத் தொகுப்பாக வைத்திருக்கிறார்கள். யாரும் இறக்கி எடுத்துக்கொள்ளலாம், காசில்லை, எப்படிப் பாவிப்பது, ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது என்ற குறிப்புகளும் கூடவே இருக்கின்றன. அந்தத் தொகுப்பில் ஒரு பிழையைத் திருத்தினால், புதுப்பிக்கும் தளங்களில் எல்லாம் திருந்தும். நான்கரைப் புள்ளியில் பாதி இதற்குத்தான். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு இணையத்தளம் செய்யும் தம்பிமார் யாராவது இதை வாசித்தால், கடையில் வார்ப்புரு வாங்குமுன் ஒருமுறை அந்தத் தொகுப்பைப் பாருங்கள்.

நல்ல மனசால் மட்டும் இது நடக்கவில்லை, சட்டம் இருக்கிறது. பொதுத்துறை இணையத்தளங்களை ஊனமுள்ளவர்களும் பாவிக்கக்கூடியதாக வைக்கச் சொல்லும் அணுகல் விதிகள் 2018 செப்டெம்பர் 23இல் நடைமுறைக்கு வந்தன. பழைய தளங்களுக்கு 2020 செப்டெம்பர் வரை, கைத்தொலைபேசிச் செயலிகளுக்கு 2021 ஜூன் வரை தவணை. இணையத்தள அணுகலுக்கான உலகளாவிய தரவிதி டபிள்யூ.சி.ஏ.ஜி. அதன் 2.2 பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது, இப்போது அளவுகோல் அதுதான். ஒவ்வொரு பொதுத்துறைத் தளமும் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, யாரிடம் முறையிடுவது என்று ஓர் அறிக்கை போடவேண்டும். நான் ஒரு புதிய தளத்துக்குப் போனால் முதலில் அந்த அறிக்கையைத்தான் தேடுவேன். "எங்களிடம் குறையே இல்லை" என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுவேன். எந்தப் பக்கத்தில், எந்தப் பொத்தானில் பிரச்சினை என்று குறிப்பாக எழுதியிருந்தால், ஆரோ உட்கார்ந்து சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி அந்த வெளி இணைப்பு. இங்கிலாந்தில் சேர்ஜரிகள் தங்கள் இணையத்தளத்தைத் தாங்களே ஒரு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்கின்றன. சேர்ஜரிகளின் தளம் எப்படி இருக்கவேண்டும் என்று என்.எச்.எஸ். இங்கிலாந்து ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது, ஆனாலும் தரம் இடத்துக்கு இடம் வேறு. நாங்கள் பதிந்திருக்கும் சேர்ஜரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் தங்கமானவர்கள், அவர்களுக்கு இதில் பங்கில்லை. ஆனால் அவர்களுடைய அப்பொயின்ட்மென்ட் பக்கத்தில் நாட்காட்டியைத் திறந்தால், என் காதில் விழுவது இது: "பொத்தான், பொத்தான், பொத்தான், பொத்தான்." எது செவ்வாய், எது வெள்ளி, எது ஏற்கெனவே நிரம்பியது, ஒன்றும் இல்லை. நிரம்பிய நாள் சாம்பல் நிறத்தில் இருக்குமாம், மகள் சொன்னாள். ஒரு பொத்தானைத் துணிந்து அழுத்தினால் நேரப் பட்டியல் எங்கோ பக்கத்தின் அடியில் சத்தமில்லாமல் திறக்கிறது. அதைக் கண்டுபிடித்து, காரணத்தை எழுதி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும். எழுதியது எல்லாம் போய்விடும். மூலையில் என்ன மிதக்கிறது என்று ஊகித்திருப்பீர்கள்.

இந்திய வாசகர்களுக்கு இது புதிதாக இராது. 2021 மே கடைசியில், கொரோனாத் தடுப்பூசி வழக்கில், தடுப்பூசிக்குப் பதியும் கோவின் தளத்தில் பார்வையற்றோருக்கு உள்ள தடைகளை உச்ச நீதிமன்றமே தன் உத்தரவில் ஒவ்வொன்றாக எழுதியது. கப்சாவுக்கு (ஆள் மனிதர்தானா என்று சோதிக்கப் படமாகக் காட்டும் எழுத்துகள்) ஒலி வடிவம் இல்லை. எத்தனை இடம் காலி என்று கேட்கும், ஆனால் எந்தத் திகதிக்கு என்று தெரியாது. விசைப்பலகையால் மட்டும் நகர முடியாது. நிரப்பி முடிக்கும் முன் தானாக வெளியேற்றிவிடாமல் போதிய நேரம் வேண்டும். எங்கள் சேர்ஜரித் தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருந்தது. அணுகல் பிரச்சினைகளுக்கு நாடு கிடையாது, பத்துப் பன்னிரண்டு பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

கடிதங்களின் கதை தனி. ஓர் ஆஸ்பத்திரி, அதற்கும் பெயர் வேண்டாம், அம்மாவின் கண் பரிசோதனைக் கடிதத்தை இணையத்தில் போட்டுவிட்டோம் என்று குறுஞ்செய்தி அனுப்பியது. திறந்தால் பிடிஎஃப். கடதாசியைப் படம் எடுத்துப் போட்ட பிடிஎஃப். என்.வி.டி.ஏ. "வெற்று ஆவணம்" என்றது. இங்கே ஒரு தரவிதி உண்டு, 2016 ஆகஸ்டில் இருந்து என்.எச்.எஸ். சேவை தரும் எல்லோருக்கும் கட்டாயம்: வருபவரின் தொடர்பாடல் தேவையைக் கேட்டறி, பதிந்துவை, கோப்பில் கண்ணில் படும்படி குறி, மற்றப் பிரிவுகளோடு பகிர், அதன்படி செய். எனக்கு எழுத்து மின்னஞ்சல் வேண்டும் என்று பதிந்திருக்கிறார்கள், அது கோப்பில் இருக்கிறது. கடிதம் அனுப்பும் கணினி அந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கழித்த அரைப் புள்ளிக்கு வருகிறேன். என்.எச்.எஸ். தளம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வேறு மொழிகளுக்கு என்று ஒரு பக்கம் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து மற்ற அமைப்புகளின் தளங்களுக்குத்தான் அனுப்புகிறார்கள். உலாவியின் மொழிமாற்றியை மருந்தளவு விஷயத்தில் நான் நம்பமாட்டேன். அதனால் அம்மாவுக்கு நான்தான் வாய். நான் வேலைக்குப் போன நேரத்தில் அவர் தனியாக இந்தத் தளத்தால் எந்தப் பயனும் அடைய முடியாது.

தமிழில் துண்டுப்பிரசுரங்கள் கிடைக்காமல் இல்லை. சீனி வருத்தம் பற்றித் தமிழில் ஒன்று கிடைத்தது, ஒரு உள்ளூர் அமைப்பு வெளியிட்டது, அச்சில் அழகாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். திரைவாசிப்பானுக்குக் கொடுத்தால் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று தொடங்கியது. தமிழ் தட்டெழுதிய ஈழத்தவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும், பாமினி எழுத்துரு. அந்த ஐந்து குறிகளும் சேர்ந்து திரையில் "தமிழ்" என்று தெரியும், கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகள்தான். யுனிகோட் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று. இன்னும் மொழிபெயர்ப்பாளர்கள் பாமினியில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள். வேலை கொடுத்த ஆங்கிலேயருக்கு அது தமிழாகத் தெரிகிறது, அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இதைக் கேட்கவேண்டியது நாங்கள்தான்.

யுனிகோடில் தட்டினாலும் இன்னொன்று வேண்டும். இந்தப் பந்தி தமிழ் என்று பக்கத்தின் உள்ளே ஒரு சின்னக் குறி போடவேண்டும். போட்டால் என்.வி.டி.ஏ. தானாகவே தமிழ்க் குரலுக்கு மாறும். இனிமையான குரல் என்று சொல்லமாட்டேன், ஆனால் அம்மாவுக்கு விளங்கியது. ஒரு தளத்தில் அப்படி ஒரு பக்கம் கிடைத்தபோது, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நான் தேத்தண்ணி போடப் போனேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, பழம் சாப்பிடுவது பற்றி அதிலே பிழையாகச் சொல்கிறது என்று சண்டைக்கு வந்தார்.

முறையிட நினைப்பவர்களுக்கு: தளத்தின் அணுகல் அறிக்கையில் உள்ள மின்னஞ்சலுக்கு முதலில் எழுதுங்கள். "பார்வையற்றோருக்கு ஏற்றதாக இல்லை" என்று பொதுவாக எழுதினால் மன்னிப்புக் கடிதம்தான் வரும். எந்தப் பக்கம், எந்தத் திரைவாசிப்பான், என்ன செய்தீர்கள், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்கவேண்டும் என்று எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் சமத்துவ ஆலோசனை மற்றும் ஆதரவுச் சேவையிடம் போகலாம், காசில்லை. நான் எங்கள் சேர்ஜரிக்கு அப்படி எழுதியதில், முகாமையாளர் தொலைபேசி எடுத்தார். இப்போது அப்பொயின்ட்மென்ட் விவரத்தை வெறும் எழுத்தாக மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். நாட்காட்டி தங்களுக்கு விற்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்றார், நிறுவனம் அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றதாம். அதுவரைக்கும் எல்லோரையும் போல நானும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வரிசையில் நிற்கிறேன்.